குச்சி ஒரு பக்கம், கட்டை ஒரு பக்கம்

எனக்குக் கோவம் ஜாஸ்தி. எங்க ஊர்ல யாரை வேணாக் கேளுங்க, முத்தாயி டீச்சரா, அது வாயைத் தொறந்தா மூடாதேன்னுதான் சொல்லுவாங்க. ஆனா கோவப்பட வேண்டிய அன்னிக்கு நான் கோவப்படல. பெரிய புத்திசாலியாட்டம் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டு, வாயை மூடிக்கிட்டு நின்னேன். நின்னேன் பாருங்க, அதுக்கு இன்னிக்கி வரைக்கும் என்னை நானே திட்டிக்கிட்டு இருக்கேன்.

எண்பத்தி மூணாம் வருஷம். குன்னத்துலேர்ந்து நாலு மைல் உள்ள தள்ளி எங்க ஊரு. சோளம், பருத்தி, சின்ன வெங்காயம், இதை விட்டா அங்க ஒண்ணும் கிடையாது, அதுவும் மழை பேஞ்சாத்தான். ஊருக்கும் காலனிக்கும் நடுவுல ஒரு தார் ரோடு போவும். ரோட்டுக்கு இந்தப் பக்கம், ஊர்ப் பக்கம், பால்வாடி. ரெண்டு பக்கத்துப் புள்ளைங்களும் அங்கதான் வந்துச்சுங்க. மொத்தம் முப்பத்தி நாலு. எம் பொண்ணு செல்வம்மாளும் அதுல ஒண்ணு, நாலு வயசு.

சர்க்கார்லேர்ந்து ஒரு பொம்மைப் பெட்டி வந்திருந்துச்சு. பிளாஸ்டிக் வாத்து, யானை, ஒரு காரு, மண்ணுல செஞ்ச வாழைப்பழம். எனக்கு முன்னாடி இருந்த டீச்சர், ஒடைஞ்சா மேலதிகாரிக்குப் பதில் சொல்லணுமேன்னு பயந்துக்கிட்டு பெட்டியைப் பூட்டியே வச்சிருந்துச்சு. நான் தொறந்து விட்டேன். ரெண்டே நாள்தான். யானையைத் தூக்கிப் பார்த்துச்சுங்க. யானை. அவ்வளவுதான், அதை வச்சு வேற என்னங்க பண்றது? மூணாம் நாள் பூராப் புள்ளையும் வெளிய ஓடிப் போச்சு.

வெளிய சோளத்தட்டை போர் போட்டுக் கெடந்துச்சு. தட்டையை உரிச்சு, உள்ள இருக்கற தக்கையைத் துண்டு துண்டா ஒடைச்சு, உரிச்ச சிம்பாலயே குத்திச் சேத்து, ஒரு மாட்டுவண்டி பண்ணிட்டாங்க. செத்த நேரத்துல அந்த வண்டி கட்டில் ஆச்சு. கட்டில் பெரம்பலூர் பஸ் ஆச்சு. நான் சோத்துக்குக் கூப்பிட்டா ஒருத்தரும் திரும்பிப் பார்க்கல. ஆனா அந்த சிம்பு இருக்கே, பிளேடு மாதிரி அறுக்கும். அன்னிக்கு மட்டும் மூணு புள்ளைங்க கையில ரத்தம். நான் மஞ்சளை வச்சுக் கட்டிட்டு, இதையே மரத்துல பண்ண முடியாதான்னு நெனச்சேன்.

காலனியில அரியமுத்துன்னு ஒருத்தர் இருந்தாரு. அரியலூர்ல மரம் அறுக்குற மில்லுல வேலை, அங்கயே தச்சு வேலையும் கத்துக்கிட்டவரு. வாரம் பூரா அங்க, சனிக்கிழமை மத்தியானம் பஸ்ல வருவாரு. அவரு பொண்ணு ஆண்டாயியும் எங்க பால்வாடிதான். எம் பொண்ணோட வயசு. நான் அவரை 'நீங்க, வாங்க'ன்னுதான் பேசுவேன். அதுக்கே எங்க மாமனார் காசிநாதன், "ஏம்மா, அவனையெல்லாம் வாங்க போங்கன்னா நாளைக்கு வூட்டுக்குள்ள பாய் போட்டு உக்கார வைப்பியா"ன்னு கேட்டாரு. பஞ்சாயத்துல பெரிய ஆளு அவரு. நான் மாத்திக்கல.

அரியமுத்துகிட்ட விஷயத்தைச் சொன்னேன். மில்லுல யாரும் சீந்தாமக் கெடக்கற துண்டு மரத்துல ஏதாவது செஞ்சு குடுங்கன்னேன். மனுசன் ரெண்டு ஞாயித்துக்கிழமை உக்காந்து ஒரு வூடு செஞ்சு கொண்டாந்தாரு. அடடா, என்ன வேலைங்கறீங்க! ஓட்டுக்கூரை, ரெண்டு ஜன்னல், கதவு கூடத் தொறந்து மூடும். புள்ளைங்க வந்து பார்த்துச்சுங்க, கதவைப் பத்துத் தடவை தொறந்து மூடுச்சுங்க, போயிடுச்சுங்க.

எனக்குப் பொத்துக்கிட்டு வந்துச்சு. "எல்லாத்தையும் நீங்களே முடிச்சுட்டா புள்ளைங்களுக்கு என்னங்க வேலை இருக்கு?"ன்னு கேட்டுட்டேன். அவரு மூஞ்சி தொங்கிப் போச்சு. பக்கத்துல நின்ன அவரு சம்சாரம் குஞ்சம்மாள், "ரெண்டு வாரமா முதுகு ஒடிய செஞ்சாருங்க டீச்சர்"னு சொன்னுச்சு. சொன்னதுக்கப்புறம்தான் எனக்கு உறைச்சுச்சு. என் வாய் அப்படி.

வேற ஆளா இருந்தா அத்தோட விட்டிருப்பாங்க. அவரு அடுத்த சனிக்கிழமை வந்து, பால்வாடி ஜன்னலுக்கு வெளிய வேப்பமரத்தடியில குந்திக்கிட்டு, புள்ளைங்க தட்டையை வச்சு விளையாடுறதையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. என்ன பாக்குறீங்கன்னேன். "அதுங்க கை எங்க திணறி நிக்குதுன்னு பாக்கறேன் டீச்சர்"னாரு.

அப்புறம் ஒவ்வொரு வாரமும் பத்து கட்டை, பத்து குச்சின்னு வந்துச்சு. கட்டை வேப்பமரம். ஏன் வேம்புன்னா, புள்ளைங்க எதையும் வாயில வைக்கும், வச்சா கசக்கும், தானா எடுத்துரும். ஆண்டாயியோட கையை விரிச்சு வச்சு அளந்து, அவ பிடிக்குள்ள அடங்குற தடிமன்ல அறுத்தாரு. முனையெல்லாம் உப்புத்தாள் போட்டு மழுக்கினாரு. கட்டையில ஓட்டை, அந்த ஓட்டையில மாட்டுற மாதிரி மூங்கில் குச்சி. மொத ரகத்துல மேலயும் கீழயும் மட்டும் ஓட்டை போட்டுட்டாரு. புள்ளைங்க ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குச்சுங்க, அதுக்கு மேல போக முடியல. ஜன்னல் வழியா அதைப் பார்த்துட்டு, எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போயி பக்கவாட்டுலயும் ஓட்டை போட்டாரு. அப்புறம் பாருங்க கூத்தை! கட்டை திரும்புது, வளையுது, எந்தப் பக்கம் வேணாப் போவுது. மழைக்காலத்துல குச்சி ஊறிக்கிட்டு வெளிய வர மாட்டேன்னுச்சு. குச்சியை இழைச்சு மெழுகுவத்தி தேச்சாரு. கடைசியில அறுவது கட்டை, அறுவது குச்சி. எந்தக் குச்சியும் எந்த ஓட்டையிலயும் போவும்.

அதுக்கு ஒரு பேரும் கிடையாது. ஒரு நாள் அது ரைஸ் மில்லு. ஒரு நாள் ஏலாக்குறிச்சி கோயிலு. ஒரு நாள் கெணத்துல எறங்குற ஏத்தம். ஒரு குச்சியைக் காதுல வச்சுக்கிட்டு ஒருத்தன் டாக்டரு. நான் எட்டாங் கிளாஸ், பத்தாங் கிளாஸ்னு படிச்சதுல இப்படி ஒரு சந்தோஷம் எனக்குக் கெடைச்சதில்ல. அரியமுத்து வந்து பார்த்துட்டு, "டீச்சர், நான் மரம்தான் அறுத்தேன், மிச்சத்தை இதுங்க எங்கேர்ந்து கொண்டாருதுங்க?"ன்னு கேட்டாரு. கண்ணு கலங்கிப் போயிருந்துச்சு.

எம் பொண்ணும் ஆண்டாயியும் எப்பவும் ஜோடி. ரெண்டும் சேந்து தரையில கட்டையைக் குச்சியால கோத்து, நாலு பக்கமும் சுவராட்டம் வச்சு, வாசல் விட்டு, உள்ள போய் உக்காந்துக்கும். இது அடுப்படி, இது மாட்டுக்கொட்டாய். ஆண்டாயி சோறாக்குவா, செல்வம் தின்னுவா. அதுக்கப்புறம் செல்வம் ஏனம் கழுவுவா. நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். இதுல ஒரு வெவகாரம் வரும்னு என் மரமண்டைக்குத் தோணல.

ஒரு நாள் மத்தியானம் வூட்ல எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம். செல்வம் தாத்தா மடியில உக்காந்திருக்கா. மாமனார் அவளுக்கு ஊட்டி விடுறாரு. அவ மேல அவருக்கு உசுரு. "எனக்கு வேணாம் தாத்தா, நான் ஆண்டாயி வூட்லயே சாப்பிட்டுட்டேன்"னா. மாமனாரு கை அப்படியே தட்டுல நின்னு போச்சு. "யாரு வூட்ல?"ன்னாரு. "ஆண்டாயி வூட்ல. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே வூடு தாத்தா."

நான் பதறிப் போயி, "விளையாட்டு மாமா, கட்டையை வச்சு விளையாடுறதைச் சொல்லுது"ன்னேன். அவரு என்னைத் திட்டல. புள்ளையை மெதுவா மடியிலேர்ந்து எறக்கி விட்டுட்டுக் கை கழுவினாரு. "விளையாட்டுதாம்மா. எல்லாம் விளையாட்டுலதான் ஆரம்பிக்கும்"னாரு. எங்க வூட்டுக்காரரு அண்ணாதுரை குனிஞ்ச தலை நிமிரல.

பதினஞ்சு நாள்ல ஒரு மனு போச்சு. 'காலனிக் குழந்தைகள் லாரி போகும் தார் ரோட்டைத் தாண்டி வருகிறார்கள், ஆபத்தாக இருக்கிறது, ஆகவே காலனிக்குத் தனியாக ஒரு பால்வாடி வேண்டும்.' என்ன அக்கறை பாருங்க! வருஷம் பூரா அந்த ரோட்டுல போன லாரி ரெண்டு கையால எண்ணிடலாம். காலனியில மூத்தவரு ராசாங்கம், அவரும் கையெழுத்துப் போட்டாரு. ஏன் போட மாட்டாரு? அவங்க பக்கத்துக்குன்னு ஒரு சர்க்கார் கட்டடம் வந்ததே கெடையாது. நான் என்னன்னு எதுத்துப் பேசுறது? காலனிக்கு பால்வாடி வேணாம்னா சொல்ல முடியும்? ஆறு மாசத்துல சாங்ஷன் ஆயிடுச்சு. அதுவரைக்கும் எனக்கு ஒரே கவலைதான். இந்த ரெண்டு புள்ளைங்களும், இந்த முப்பத்தி நாலும், ஒரே தரையில உக்காந்து விளையாடுறது நின்னு போவக் கூடாது.

சாமானைப் பாதிப் பாதியாப் பிரிச்சுக்கங்கன்னு ஆபீஸ்லேர்ந்து சொல்லிட்டாங்க. பாகம் பிரிக்க எங்க மாமனாரே வந்து நாற்காலி போட்டு உக்காந்தாரு. காலனி சார்பா ராசாங்கம் வாசல்ல நின்னாரு. அரியமுத்து அரியலூர்ல வேலையில இருந்தாரு. பாய், தட்டு, டம்ளர் எல்லாம் பாதிப் பாதி. யானை அங்க, வாத்து இங்க. கடைசியா அந்தக் கட்டையும் குச்சியும் இருந்த கோணியைக் கொட்டினாங்க.

எப்பவும் அடுப்படியிலயே கெடக்கற ஆயா சின்னம்மாள் உக்காந்து பிரிக்க ஆரம்பிச்சா. பொறந்ததுலேர்ந்து களத்துல வெங்காயம் பொறுக்கின கை அது. பெருசு ஒரு பக்கம், பொடிசு ஒரு பக்கம். அந்தக் கைக்கு வேற மாதிரி பிரிக்கவே தெரியாது. கட்டையெல்லாம் ஒரு குமி, குச்சியெல்லாம் ஒரு குமி. மாமனாரு எண்ணிப் பார்த்தாரு. இங்க அறுவது, அங்க அறுவது. ரொம்ப திருப்தி அவருக்கு. "நான் பிரிச்சேன், நீ மொதல்ல எடுத்துக்க. நாளைக்கு ஓரவஞ்சனைன்னு ஒரு பேச்சு வரக் கூடாது"ன்னு ராசாங்கத்துகிட்ட சொன்னாரு. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில பங்கு வச்சவன் கடைசியாத்தான் எடுக்கணும், அந்த நியாயம். ராசாங்கம் அதுல எதையும் கண்ணால கூடப் பார்த்ததில்ல. பெருசா இருந்த குமியைக் காட்டினாரு. கட்டை காலனிக்கு, குச்சி ஊருக்கு.

எனக்குத் தெரியும்ங்க. குச்சி இல்லாத கட்டையும் கட்டை இல்லாத குச்சியும் எதுக்கும் ஆவாதுன்னு அந்த எடத்துல எனக்கு மட்டும்தான் தெரியும். "ஐயோ மாமா, இப்படிப் பிரிச்சா எப்படி"ன்னு ஒரு வார்த்தை சொன்னா, அஞ்சு நிமிஷத்துல கலந்து முப்பது முப்பதா வச்சிருப்பாரு. சொல்லல. என் மண்டையில ஒரு யோசனை ஓடுச்சு. பிரிக்கட்டும், இப்படியே பிரிக்கட்டும். பத்து நாள்ல ரெண்டு பக்கத்துப் புள்ளைங்களும் அழுவும், வூட்ல கெடந்து பொரளும். பெத்தவங்க வந்து நிப்பாங்க. அப்ப சொல்லுவேன், ரெண்டையும் ஒரே எடத்துல வச்சாத்தான் விளையாட முடியும், புள்ளைங்களைச் சாயந்தரத்துக்காவது ஒண்ணா விடுங்கன்னு. வேற வழியே இருக்காது அவங்களுக்கு. நெனச்சு நெனச்சு எனக்கே பெருமையா இருந்துச்சு.

அந்த நேரம் பார்த்து ஆண்டாயி ஓடியாந்து, பழக்கத்துல, குச்சிக் குமியிலேர்ந்து ஒரு கை அள்ளிட்டா. எல்லாரும் பாக்குறாங்க. மாமனாரு என்னைத்தான் பார்த்தாரு. நான் போயி அவ பக்கத்துல குந்தி, இறுக்கி மூடியிருந்த விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சு, குச்சியை எடுத்துத் திரும்பக் குமியில போட்டேன். அவ அழல. என் மூஞ்சியையே பார்த்தா. பத்து நாள்தானே கண்ணுன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

சனிக்கிழமை அரியமுத்து சிரிச்சுக்கிட்டே வந்தாரு. "என்ன டீச்சர், நல்லாப் பிரிச்சாங்க போங்க. ஒரு வாரம் பொறுங்க, எங்களுக்குக் குச்சி சீவிடுறேன், உங்களுக்குக் கட்டை அறுத்துக் கொண்டாறேன்"னாரு. நான், "செய்யாதீங்க"ன்னேன். என் யோசனையைச் சொன்னேன். "ஆண்டாயி தினம் கேக்குறாளாம் டீச்சர்"னாரு. "கேக்கட்டும். கேட்டாத்தான் நடக்கும். பத்து நாள் பொறுங்க"ன்னேன். "நீங்க சொன்னா சரிங்க"ன்னு போயிட்டாரு. என்னை அப்படி நம்பின மனுசன்.

பத்து நாள் ஆச்சு. இருவது நாள் ஆச்சு. ஒருத்தரும் வரல.

பெரியவங்களுக்கு அது மரத்துண்டுங்க. புள்ளை அழுதா ஒரு மிட்டாய், இன்னும் அழுதா ஒரு அடி, முடிஞ்சுது. யாரு வந்து பால்வாடி வாசல்ல நிப்பாங்க? புள்ளைங்களும் எத்தனை நாள் அழுவும்? எங்க பக்கத்துப் பசங்க குச்சியைப் பிரம்பா வச்சுக்கிட்டு வாத்தியார் விளையாட்டு விளையாடினானுங்க, ஒருத்தனை நிக்க வச்சு எல்லாரும் அடிக்கிறது. ஒரு நாள் சின்னம்மாள் அடுப்புப் பத்த வைக்க நாலஞ்சு குச்சியை உள்ள சொருவிட்டா. நான் போட்ட சத்தத்துல அது அழுதுடுச்சு. "வெறும் குச்சிதானே டீச்சர், இதுக்குப் போயி"ன்னுச்சு. பாவம், அதைச் சொல்லி என்ன ஆவப் போவுது. காலனி பால்வாடிக்கு வந்த புது டீச்சர், இதை வச்சு என்ன பண்றதுன்னு தெரியாம, கட்டையைக் கோணியோட பரண்ல தூக்கிப் போட்டுடுச்சாம்.

செல்வம் மொத வாரம் தெனம் கேட்டா, "ஆண்டாயி எப்பம்மா வருவா?" அடுத்த வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். ரெண்டு மாசத்துல அந்தப் பேரே அவ வாயில வரல. அழுதப்பல்லாம் எனக்குப் பயமில்ல. கேக்கறதை நிறுத்தினா பாருங்க, அன்னிக்குத்தான் பயந்தேன்.

அப்பவாவது அரியமுத்துகிட்ட, செஞ்சிடுங்க, என் கணக்குத் தப்பாப் போச்சுன்னு சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ்லேர்ந்து எறங்கி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு என்னைப் பார்ப்பாரு. என்ன டீச்சர், ஆரம்பிக்கவான்னு கேக்குற மாதிரி இருக்கும். நான் உள்ள வேலை இருக்கற மாதிரி திரும்பிக்குவேன். வீம்பு. இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம்னு, பாழாப் போன வீம்பு.

தை மாசம் கடைசியில சின்னம்மாள்தான் வந்து சொன்னா, அரியமுத்து குடும்பத்தோட அரியலூருக்கே போறாராம், மில்லு மொதலாளி இருக்க எடம் குடுத்துட்டாராம், பத்து மணி பஸ்ஸுன்னு. பொம்மைப் பெட்டியைத் தொறந்து மிச்சம் இருந்த குச்சியைப் பூரா அள்ளினேன். அறுவதுல முப்பத்தொண்ணுதான் இருந்துச்சு. முந்தானையில கூட முடிஞ்சுக்காம, ரெண்டு கையிலயும் பிடிச்சுக்கிட்டு ரோட்டுக்கு ஓடினேன். பால்வாடி நேரத்துல டீச்சர் தெருவுல ஓடுறதைப் பார்த்து ஊரே வாசலுக்கு வந்துச்சு. வரட்டும்.

டிரங்குப் பெட்டி, ரெண்டு மூட்டை, குஞ்சம்மாள், கையில ஆண்டாயி. நாலு மாசத்துல புள்ளை ஒசந்துட்டா. நான் மூச்சு வாங்க, "அங்க போயி கட்டை அறுத்துக் குடுத்துடுங்க, குச்சி இந்தா இருக்கு. தப்பு என்னோடது"ன்னேன். அரியமுத்து என்னைக் கோவிச்சுக்கல. கோவிச்சிருந்தா நல்லாருந்திருக்கும். "பார்ப்போம் டீச்சர். அவ இப்பல்லாம் அதைக் கேக்குறதில்ல"ன்னாரு.

நான் ரோட்டோர மண்ணுல முட்டி போட்டு ஆண்டாயிகிட்ட நீட்டினேன். "இந்தா கண்ணு. எல்லாம் உனக்குத்தான். வாங்கிக்க."

அவ குச்சியைப் பார்த்தா. எடுக்கப் போற மாதிரி ஒரு கை லேசா வந்துச்சு. அப்புறம் ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கிட்டா.

"அது எங்க பங்கு இல்லீங்க டீச்சர்"னா.

கோவமாச் சொல்லல. பால்வாடியில நான் சொல்லிக்குடுத்த மாதிரியே, தெளிவா, மரியாதையாச் சொன்னா. குஞ்சம்மாள், "வாங்கிக்க பாப்பா, டீச்சர் குடுக்குறாங்கல்ல"ன்னு தோளைத் தள்ளுச்சு. அவ அசையல.

பஸ் வந்துச்சு. அரியமுத்து பெட்டியை மேல ஏத்திட்டு, "போயிட்டு வரோம்ங்க"ன்னாரு. ஆண்டாயி ஜன்னல் ஓரம் உக்காந்து எனக்கு டாட்டா காட்டினா. திரும்பக் காட்ட எனக்குக் கை இல்ல. ரெண்டு கையிலயும் குச்சி இருந்துச்சு.